பார்த்துப் பார்த்துக் கிள்ளிய இலைகள்

அந்த வருடங்களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நெல் இலையை அரைப்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

விதைக்கென்று வளர்க்கும் வயலில் வேறு ரகம் கலந்திருக்கிறதா என்று டி.என்.ஏ.வை வைத்துப் பார்ப்போம். இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் ஒரு துண்டை மட்டும் மெஷினில் பெருக்கி, ஜெல்லில் விட்டுக் கரண்ட் கொடுத்தால் கோடு கோடாக விழும். ஒரே ரகம் என்றால் எல்லாக் கோடும் ஒரே மட்டத்தில் நிற்கும். கலப்பு இருந்தால் அது மட்டும் விலகி நிற்கும். வயலுக்கு நாற்பது இலை. நாங்களே வயலில் குறுக்கே நடந்து, பத்தடிக்கு ஒன்றாக, செடியைப் பார்க்காமல் கிள்ள வேண்டும். அதுதான் விதி.

பொன்னேரிப் பக்கம் ஒரு விவசாயி முதல் தடவையாக விதைப்பயிர் வைத்திருந்தார். அவருடைய தம்பிகள் நிலத்தைக் கம்பெனிக்கு விற்கத் துடித்தார்கள். "இந்த ஒரு போகம் விதையா தேறட்டும், அப்பால பேசலாம்" என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு உடம்பு வணங்கவில்லை. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துச் சேற்றில் நடக்க வேண்டுமே என்றிருந்தது. "நீங்களே கிள்ளினு வந்துடுங்க ஐயா" என்று போனில் சொல்லிவிட்டேன். நானே கிள்ளியதாகப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

நாற்பதில் பதினொன்று விலகி நின்றன. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அதே கதைதான். விதைக்குத் தேறாது என்று எழுதி அனுப்பினேன்.

அறுவடை முடிந்து ஒரு மத்தியானம் அவரே வந்தார். நெல் மில்லுக்குப் போயிருந்தது, நிலம் கம்பெனிக்குப் போயிருந்தது.

"இன்னா கோளாறுன்னு ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போறம்மா."

ஜெல் படத்தை எடுத்து வைத்து, விலகிய கோடுகளைக் காட்டினேன்.

"இத்தினி கலப்பா? எல்லாம் நல்ல செடியா பாத்துத்தான் கிள்ளினேன். அங்கொண்ணு இங்கொண்ணு கருகருன்னு அகலமா நின்னுக்கினு இருந்துச்சு. தேடித் தேடி அத்தப் பறிச்சேன். மிச்சத்துக்குத்தான் மத்ததுல கைவெச்சேன்."

"எதுக்குய்யா அத மட்டும் தேடினீங்க?"

"ஆபீசுக்குக் குடுக்கறது. சோனி இலையவா குடுப்பாங்க?"

ஐயோ, என்ன காரியம் செய்தேன்! அந்தக் கருகரு செடிகள்தான் கலப்பு. மொத்த வயலிலும் அந்தப் பதினொன்றுக்கு மேல் இருந்திருக்காது. நான் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருந்தால் ஒன்றாவது கையில் அகப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே ஆறுதல் சொன்னார். "நீ இன்னாம்மா பண்ணுவ? மெஷின் சொன்னத எழுதின. நீயே வந்து கிள்ளியிருந்தாலும் இதானே வந்திருக்கும்?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.