சூடம் காட்டிய துப்பாக்கி

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை, ஊர்ப்பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ், நடத்தும் குடும்பம் எங்களுடையது. சிறுத்தையைச் சுட்டதற்காக என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஜமீன் பரிசளித்த துப்பாக்கி, உரிமத்தோடு வீட்டில் இருக்கிறது. அதில் பதித்த வெள்ளித் தகட்டில் அவர் பெயரும் உண்டு. ஆயுத பூஜைக்கு அதையும் சாமி முன் கிடத்தி, பொட்டு வைத்து, அருகிலேயே சூடம் ஏற்றுவோம். பிள்ளைகள் எதிரே கைகூப்பி நிற்பார்கள்.

சென்ற ஆண்டு பூஜைக்கு முன், முதன்முறையாகக் குழலுக்குள்ளும் துடைக்க நினைத்துத் துணி சுற்றிய குச்சியை விட்டேன். அடிவரை போகவில்லை. குச்சி உள்ளே போன நீளத்தைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்தால் ஒரு சாண் குறைந்தது.

“தூசி அடைச்சிருக்கும், விடுட்டி,” என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. பிடிவாதமாகத் திருநெல்வேலியில் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அவரை அழைத்துப் போனேன்.

கடைக்காரர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கிண்டினார். கருமருந்தும் ஈய ரவைகளும் வந்தன. “எந்தக் காலத்துலயோ சுடுறதுக்காகக் குழல் வழியா கெட்டிச்ச மருந்து அண்ணாச்சி. பொறி பட்டிருந்தா இப்பவும் வெடிச்சிருக்கும்,” என்றார்.

திரும்பும்போது கயத்தாறு தாண்டியதும் கணவர், “ஆபீஸ்ல ஒருத்தனயும் பீடி பத்த வைக்க விட்டதில்ல. வீட்ல நானே சூடத்த ஏத்தி வச்சிருக்கேனே,” என்றார்.

இப்போது குச்சியால் அளந்த பிறகே துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கிறேன். சூடத் தட்டு அதன் பக்கமே போவதில்லை. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.