மாடிப்படி வரை கேட்ட குரல்

பூங்கோதையின் தம்பி போனில் அழைத்து, "அக்கா காலையில போயிட்டாங்க சாமி" என்றார். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள நம் மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், கூடத்தின் தலைவர் பூங்கோதையை "அமைதியே உருவானவர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அந்தக் குரல் மாடிப்படி வரை கேட்கும்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பம் அவருடையது. மனிதன், எலி, கோழி மூன்றின் டி.என்.ஏ.வையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். மரபணுக்களுக்கு வெளியே, மூன்றிலும் அநேகமாக மாறாத துண்டு கண்ணில் பட்டால் விடமாட்டார். "இத்தனை கோடி வருசமா மாறாம இருக்குதுன்னா சும்மாவா இருக்கும்? எந்த மரபணு எங்க, எப்ப வேலை செய்யோணும்னு சொல்ற சுவிட்சுங்க அது" என்பார். தலைவர் சிரிப்பார்.

ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தாய் மகளைத் தூக்கி வந்தார். குழந்தையின் ஒவ்வொரு கையிலும் இரண்டு கட்டைவிரல். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று கணவர் வீட்டில் பழி. நம் கூடமோ மரபணுவை மட்டும் பார்த்துவிட்டு, 'குறை இல்லை' என்று அறிக்கை கொடுத்தது. மாமியார் அதையே பிடித்துக்கொண்டார்: "ரத்தத்துல கோளாறு இல்லீங்களாம். அப்ப இவ பண்ணுனதுதானுங்க. இனி அவ அம்மா ஊட்டுலயே கெடக்கட்டும்."

பூங்கோதை தலைவரின் அறைக்குள் போய்க் கத்தினார். "தேடாத எடத்துல இல்லைன்னு எப்படிங்க எழுதுவீங்க?"

"கோழியைப் பார்த்து மனுசனுக்கு அறிக்கை எழுத முடியாதும்மா."

தலைவரைக் கேட்காமலேயே பூங்கோதை குழந்தையின் டி.என்.ஏ.வில் மரபணுவுக்கு வெளியேயும் தேடிப் பார்த்தார். விரல்களை உருவாக்கும் மரபணுவுக்கு வெகு தொலைவில், கோழியிலும் நம்மிலும் மாறாத ஒரு துண்டு. அதில் குழந்தைக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. தகப்பனின் ரத்தத்தையும் வாங்கிப் பார்த்தார், அவருக்கும் அதே மாற்றம். குடும்பத்தை அழைத்து, தகப்பனிடம் கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். கட்டைவிரல் ஓரத்தில் சின்னத் தழும்பு.

"அது ஒட்டு வெரலுங்க. பொறந்தப்பவே பட்டு நூலு கட்டி உட்டோம், உழுந்துருச்சு" என்றார் மாமியார்.

"அப்ப அன்னைக்குக் கிரகணத்துல வெளிய வந்தது நீங்களாங்க?"

குழந்தையின் தாய் அழுதுவிட்டார். பூங்கோதை மாமியாரிடம் தணிந்த குரலில், "உங்க மேலயும் தப்பில்லீங்க, இவங்க மேலயும் தப்பில்லீங்க" என்றார். அந்தப் பெண் அன்று கணவரோடுதான் பஸ் ஏறினார்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் இதையும் சொன்னார், 'நம் கூடத்தின் சாதனை' என்று. நம் கூடம் தரும் அச்சு அறிக்கைகளில் இன்னும் 'குறை இல்லை' என்றுதான் இருக்கிறது. நான் அதை அடித்துவிட்டு, 'மரபணுவுக்குள் மட்டும் பார்த்தோம்' என்று கையால் எழுதித் தருகிறேன். தலைவர் கூப்பிட்டுக் கேட்கட்டும். மாடிப்படி வரை கேட்கும்படி பதில் சொல்வேன்.