டிவிக்கு மஞ்சள் துணி போட்ட வாரம்

பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் மூன்று கட்டுப்பாடுகள். கவிச்சி கிடையாது. விளக்கு வைப்பதற்குள் எல்லாரும் தோட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தீமிதி முடியும்வரை எந்த வீட்டிலும் டிவி ஓடக்கூடாது. முதல் இரண்டும் காலங்காலமாக உள்ளவை. மூன்றாவது அப்பா கொண்டுவந்த சட்டம். அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், கோயிலில் தலைவர்; எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்த வருடம் அம்மா ஒரு படி மேலே போய் டிவிக்கு மஞ்சள் துணி போர்த்தி, அதில் குங்குமப் பொட்டும் வைத்தார். சாம்பிராணி போடும்போது அதற்கும் சேர்த்தே காட்டினார்.

எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண் துப்பறிவாள். கதை முடிகிறபோது எல்லாரையும் மண்டபத்தில் கூட்டி, மெதுவாக நடந்து, சட்டென்று திரும்பிக் குற்றவாளியை நோக்கி விரலை நீட்டுவாள். அந்த விரல் நீட்டலை நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பள்ளி இசை அறையில் ஒரு வயலின் காணாமல் போனதோடு ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை காப்புக்குள் வந்து விழுந்தது.

முடிவு தெரியாமல் போவது மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். ஆனால் எனக்கே சொந்தமாக ஒரு வழக்கு கிடைத்திருந்தது.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, பகாவில் டயர் கடையில் வேலை. கொஞ்ச நாளாக அவர் போக்கே சரியில்லை. டயர் கழற்றப் போகிறவருக்கு வாசனை எண்ணெய் எதற்கு? காலையில் குடையோடு போகிறவர் சாயங்காலம் நனைந்துகொண்டு வருவானேன்? காப்புக்கு முந்தைய நாள் விடை கிடைத்தது. மஞ்சள் துணி வாங்க அம்மாவோடு பகாவ் போயிருந்தேன். அம்மா கடையில் விலை பேசிக்கொண்டிருக்க, எதிரே பஸ் நிலையத்தில் எங்கள் குடை தெரிந்தது. உடைந்த கைப்பிடியில் அப்பா ரப்பர் சுற்றிய அதே குடை. அதன் கீழே கிராணியார் மகள், பக்கத்தில் மாமா.

கிராணியார் தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி, கிறிஸ்தவர். மகள் பகாவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். கிராணியாரும் அப்பாவும் வழியில் பார்த்தால் தலையசைப்பார்கள், அதோடு சரி. இந்த விஷயம் வெளியே வந்தால் மாமா எங்கள் வீட்டுப் படியேற முடியாது. அந்த அக்காவை மறுநாளே கோலாலம்பூரில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது எனக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரிந்ததால்தான் வழக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. தீமிதி முடிந்து தோட்டமே சாப்பாட்டுக்குக் கூடும்போது விரலை நீட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஒரே சிக்கல்தான். குற்றவாளி நமக்கு வேண்டியவராக இருந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? தொடரில் வயலினை எடுத்தவள் துப்பறியும் பெண்ணின் உயிர்த்தோழி என்று நான் ஏற்கெனவே கணித்திருந்தேன். ஆகவே அந்த முடிவு எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. மாமா சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, சனிக்கெழம கடையில டிவி தொறந்துதான இருக்கும்? அந்தத் துப்பறியிற நாடகத்துல எல்லார் முன்னாடியும் அவ எப்படி சொல்றான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“ஒனக்கு எதுக்கு பாப்பா?”

“எங்கிட்டயும் ஒரு கேஸ் இருக்குலா. கொட தொலஞ்ச கேஸ்.”

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. “சரி, பாத்துட்டு வரேன்” என்றார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. குற்றவாளியிடமே போய் யோசனை கேட்கிறோமே என்பது என் துப்பறியும் மூளைக்கு எட்டவேயில்லை.

சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே கதையைச் சொன்னார். என் கணிப்பு சரிதான், எடுத்தது தோழிதானாம். வீட்டில் அவளை வாசிக்க விடமாட்டார்களாம், அதனால் ஒளிந்து பழகுகிறாளாம். வயலின் போட்டி முடிந்ததும் அவளே எல்லாரிடமும் சொல்லிவிடுவாளாம்.

“அப்புறம்? வெரல நீட்டுனாளா?”

“அதான் இல்ல. கண்டுபிடிச்சிட்டா, ஆனா வாயத் தொறக்கல. மறுநாள் தலையில ஒரு செவப்பு கிளிப் மாட்டிக்கிட்டு வந்தா. அதப் பாத்ததும் அந்தத் தோழிக்கு மட்டும் புரிஞ்சிருச்சு, இவளுக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டான்னு.” சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்தார். “அதே மாதிரி பசார்ல வித்தாங்க.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. விரல் நீட்ட யாராலும் முடியும். இது வேறு ரகம். தீமிதி அன்று கிளிப்பை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மிகப் பெருமையாக நின்றேன்.

சில வாரங்களில் மாமாவும் அந்த அக்காவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மனு போட்டுவிட்டு நாள் வருவதற்காகத்தான் காத்திருந்தார்களாம். இரண்டு வீடும் கொதித்தன. மாமாவுக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அப்பா பேச ஆரம்பித்தார். திருவிழாவோடு வந்த பள்ளி விடுமுறை முடிந்து நான் வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் வேறு தொடருக்குத் தாவியிருந்ததால் வயலினைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன மாதம் என் மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுக்குப் போட்டுக் காட்டப் பழைய தொடர்களைத் தேடியபோது அந்தப் பாகம் கைப்பேசியில் கிடைத்தது. துப்பறியும் பெண் எல்லாரையும் மண்டபத்தில் கூட்டினாள். மெதுவாக நடந்தாள். திரும்பினாள். விரலை நீட்டினாள். தோழி தேம்பித் தேம்பி அழுதாள். சிவப்புக் கிளிப் எங்கேயும் இல்லை. நம்ப முடியாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போது மந்தின் பட்டணத்தில் இருக்கும் மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா சிரித்துத் தீர்த்தார். “நான் எங்க டிவி பாத்தேன்? அன்னிக்கு பஸ் நெலயத்துல உங்க அத்தகிட்ட பொலம்பிக்கிட்டு நின்னேன். கதையக் கட்டுனதே அவதான்.”

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. “ஓம். கிளிப்பும் என்ர தலையில இருந்து கழட்டினதுதான்.”

போனை வைத்த பிறகு தீமிதி அன்று பார்த்தது நினைவுக்கு வந்தது. கிராணியார் மகள் கூட்டத்துக்கு வெளியே, வேலியோரமாகத் தனியாக நின்றிருந்தார். மாமா தீயில் இறங்கியபோதுகூட அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, என் தலையைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இவ்வளவு பெரியவர் ஒரு கிளிப்புக்கு ஆசைப்பட்டு அழுகிறாரே என்று நினைத்து, நான் அதைக் கையால் இறுக மூடிக்கொண்டேன்.