கறுப்புச் சப்பாத்தும் வெள்ளை வெளிச்சமும்

பினாங்கில் சூரியன் சோம்பேறி. ஏழு மணி தாண்டிய பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடம் அதுவரை காத்திருக்காது. ஆகவே இந்தத் தீவில் பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் இருட்டிலேயே பிள்ளைகளை ஏற்றியாக வேண்டும். அப்படி ஓட்டுகிறவர்களில் என் மனைவியும் ஒருத்தி. நான் ஓய்வு பெற்றதிலிருந்து அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறேன். பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவது என் வேலை. "எங்க வீட்டு கண்டக்டர்" என்று என்னை ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிரே ஒருவன் ஹை பீம் போட்டுக்கொண்டு வந்தால் நான் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவேன். அவள் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்தபடி ஓட்டுவாள். "நீங்க திட்டினா ரோடு நல்லா தெரியுதா?" என்று கேட்பாள். தெரியாதுதான். ஆனால் திட்டினால் எனக்கு மனசு ஆறுகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் பள்ளிகளில் பிள்ளைகள் காலில் போடும் வெள்ளைச் சப்பாத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக்கு மாற்றினார்கள். அம்மாக்கள் கொண்டாடினார்கள். வார இறுதியில் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் காயவைக்கும் வேலை மிச்சம் அல்லவா? என் மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சப்பாத்துதான் அடையாளம். விடியாத நேரத்தில், ரோட்டோரத்தில், தரையை ஒட்டி இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே ஒரு பிள்ளை நிற்கிறது என்று அர்த்தம். சீருடை கருநீலம், பை கறுப்பு, மழைக்கோட்டும் கறுப்பு. சப்பாத்தும் கறுப்பாகிவிட்டால் இருட்டில் பிள்ளையை எங்கே தேடுவது? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் ஓட்டினாள்.

நாங்கள் முதலில் ஏற்றுவது தண்ணீர்மலைப் பக்கம் ஒரு சந்துக் கோடியில் இருக்கும் சிறுமியை. இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவள், வேன் வரும் நேரத்தை ஒட்டிப் பிள்ளையைச் சந்தில் நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். பெரிய மரங்கள் கவிந்து அங்கிருக்கும் ஒற்றைத் தெருவிளக்கையும் மூடிவிட்டன. ஒரு பக்கம் ஆழமான வடிகால். வேறு வேன்காரர்கள் யாரும் அந்தச் சந்துக்குள் வர ஒத்துக்கொள்வதில்லை. என் மனைவி ஒத்துக்கொண்டாள்.

ஒரு மழைநாள் காலையில் அந்தப் பிள்ளை எங்கள் கண்ணில் படவே இல்லை. கறுப்பு மழைக்கோட்டு லேசாக அசைந்தபோதுதான் தெரிந்தது. என் மனைவி பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. வண்டி பிள்ளைக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டது. அது ஒன்றும் அறியாமல் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று ஏறி உட்கார்ந்தது.

"அந்தச் சந்துக்குப் போக எனக்கு இனி தைரியம் இல்லைங்க. என் கையால ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்று அன்று மாலை என் மனைவி சொன்னாள். நாங்கள் கைவிட்டால் அந்த அம்மா வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பள்ளியை விட வேண்டும். இரண்டும் என் மனைவிக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். "முதல்ல லைட்ட மாத்திப் பாப்போம்" என்றாள்.

வழக்கமாகச் சாமான் வாங்கும் கார் உபகரணக் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இத போடுங்கண்ணே, பகல்தான்லா. ரோட்டுல எறும்பு போனாகூட தெரியும்."

"எதிர்ல வர்றவங்களுக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

"அது அவங்க பாடுலா அக்கா."

ஹை பீம்காரர்களின் ஏழு தலைமுறையைத் திட்டுகிற நான்தான் அந்தப் பெட்டியை முதலில் கையில் எடுத்தேன். வெள்ளைவெளேர் என்று எரியும் பல்பு அது. என் மனைவி அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு நிறத்தில் இன்னும் இரண்டு ஜோடி கேட்டாள். "பிடிக்காதத திருப்பிக் கொண்டாருவேன் தம்பி" என்றாள். அவள் சொன்னால் கொண்டுவருவாள் என்று அவருக்குத் தெரியும். தலையாட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை வெள்ளை பல்போடு கிளம்பினோம். ஆகா, அந்த வெளிச்சம்! பெயர்ப் பலகைகள் பளிச்சென்று வந்தன. மலைக்கு நடக்கப் போகிறவர்கள் கறுப்பு டீசட்டையிலும் தூரத்திலேயே தெரிந்தார்கள். மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு கண்ணைச் சிமிட்டியதுகூடத் தெரிந்தது. நான் சாதித்துவிட்டவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன். சந்துக்குள் திரும்பினோம். மரமும் வடிகாலும் மதிலும் பகல் போலத் தெரிந்தன. பிள்ளையை மட்டும் காணவில்லை.

"இன்னிக்கு வரல போல. ஹாரன் அடி" என்றேன்.

அவள் அடிக்கவில்லை. விளக்கை அணைத்தாள். கீழே இறங்கி, இருட்டில் நின்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வடிகாலை ஒட்டி வளர்ந்திருந்த வாழைக் கன்றுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஆன்ட்டியா?"

இன்னும் ஒரு அடி பின்னால் வைத்திருந்தால் வடிகாலுக்குள் விழுந்திருக்கும். என் மனைவி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள்.

"ஏன் கண்ணு அங்க போய் நின்ன?"

"வேற காருன்னு நெனச்சேன் ஆன்ட்டி. தெரியாத காரு வந்தா ஒளிஞ்சிக்கணும்னு அம்மா சொன்னாங்க. ஆன்ட்டி வேனு மஞ்சளாதானே வரும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பிள்ளையைப் பார்ப்பதற்காகப் போட்ட வெளிச்சம் பிள்ளையை ஒளிய வைத்துவிட்டது. எங்கள் பழைய மங்கிய மஞ்சள் விளக்கைப் பார்த்துத்தான் அது இத்தனை நாளும் தைரியமாக நின்றிருக்கிறது. எங்களுக்கு அது தெரியவே இல்லை.

பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "இதுக்கு என்ன இப்போ? இனிமே வெள்ளை லைட்டுதான் ஆன்ட்டி வேன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டா போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஊர்ல பாதி காரு இந்த வெள்ளை லைட்டோடதாங்க ஓடுது. நாளைக்கு வேற எவனாச்சும் இதே மாதிரி உள்ள வந்தா? ஆன்ட்டின்னு நெனச்சு அது முன்னுக்கு வந்து நின்னா?"

அத்தனை வருடம் கூட வாழ்ந்தவளை அன்று புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். "பசிக்குது, ரொட்டி சானாய் சாப்பிடலாமா" என்றுதான் வாயில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை, பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லி இருட்டத் தொடங்கியதும் அந்தச் சந்துக்குப் போனோம். பிள்ளையின் அம்மாவிடம் என் மனைவி முன்பே பேசி வைத்திருந்தாள். பிள்ளையைச் சீருடையோடும் மழைக்கோட்டோடும் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்கச் சொன்னாள். அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பல்பு வாங்குறது நாமதான். ஆனா அவ சொல்றதத்தான் போடப் போறோம்" என்று என் மனைவி என்னிடம் சொன்னாள். இந்த ஊரில் எத்தனையோ பேர் பல்பு வாங்கியிருப்பார்கள். எட்டு வயசுப் பிள்ளையைக் கேட்டு வாங்கியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒவ்வொரு முறையும் வேனைப் பின்னால் கொண்டுபோய், பானெட்டைத் திறந்து, பல்பை மாற்றுவது என் பொறுப்பு. கண்ணாடியில் விரல் படக்கூடாது என்று துணியால் பிடித்து மாட்டினேன். கொசு என்னைத் தின்றது. நடந்து போனவர்கள் வண்டி கெட்டுவிட்டதா என்று நின்று விசாரித்தார்கள். முதலில் வெள்ளையோடு போனோம். பிள்ளை அம்மாவின் பின்னால் ஒதுங்கியது. இரண்டாவது, நீலம் கலந்தது. "போலீஸா?" என்று கேட்டது. அம்மா சிரித்துவிட்டாள்.

மூன்றாவது நல்ல கெட்டி மஞ்சள். பழையதைவிடப் பிரகாசம், ஆனால் அதே குடும்பத்து நிறம். வேன் திரும்பியதும் பிள்ளை குதித்தது. "இதுதான்! இதுதான் ஆன்ட்டி வேனு!"

என் மனைவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மெதுவாக முன்னால் ஓட்டினாள், நிறுத்தினாள், பின்னால் போய் மறுபடி வந்தாள். "சப்பாத்து தெரியுது. வெள்ளை லைட்டு அளவுக்கு தூரத்துல தெரியல. நாமதான் மெதுவா வரணும்" என்றாள். அதற்காக வீட்டிலிருந்து இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும் என்றும் அங்கேயே முடிவு செய்தாள். கண்டக்டரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மழை கொட்டியது. இந்த மழையிலா இந்த விளக்கைச் சோதிக்க வேண்டும் என்று மழையையும் நான் திட்டினேன். அவள் சந்து முனையில் வேகத்தைக் குறைத்து, நடக்கிற வேகத்தில் உள்ளே திரும்பினாள். மஞ்சள் வெளிச்சம் ஈர ரோட்டில் தாழ விழுந்தது. நான் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினேன். மரம், மதில், வடிகால். பிள்ளை தெரியவில்லை.

"தெரியுதா? உனக்குத் தெரியுதா?" என்றேன்.

அவள் வண்டியை மெல்ல நிறுத்தினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வடிகாலை விட்டு நன்றாக விலகி, மதிலோரமாக, மழைக்கோட்டின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, அவ என்னைப் பாத்துட்டா" என்றாள் என் மனைவி.