வாசலில் கிடந்த கேபிள்

காயலான் கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊரில் கோயில் மணி காணாமல் போனாலும் குடத்து மூடி காணாமல் போனாலும் முதலில் நம் கடைக்குத்தான் ஆள் வரும். எங்கள் கடை கும்மிடிப்பூண்டிப் பக்கம், புதுவாயலில். வீட்டுக்காரர் ரோலிங் மில்லுக்குப் போய்விடுவார். கடையை நானும் என் தம்பி டேவிட்டும் பார்த்துக்கொள்கிறோம். அவனைத் திருட்டுப் பொருள் வாங்கியதாகப் பிடித்துக்கொண்டு போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

புகை ஆகாது

கேபிளிலிருந்து செம்பு எடுக்கச் சுலபமான வழி, மேல் ரப்பரைக் கொளுத்திவிடுவது. வேலையும் சட்டென்று முடியும், யாருடைய கேபிள் என்ற அடையாளமும் கூடவே கருகிவிடும். ஆனால் அடுத்த வீட்டு சரோஜாக்காவின் புருஷனுக்கு வீசிங். எங்கள் கடையில் ஒரு பீடி புகைந்தாலே சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரியும்.

அதனால் டேவிட் பிளேடு வைத்துக் கையால்தான் ரப்பரை உரிப்பான். கை ஒழிகிற வரை கேபிள் வாசலில், ரோட்டைப் பார்த்துக் கிடக்கும். அதற்கும் சண்டை.

"நெருப்பு வெச்சா மூச்சு முட்டுது, வாசல்ல போட்டா கால் தடுக்குது. இன்னா பொழப்புமா இது?"

ஜீப் வந்தது

ஒருநாள் பட்டப்பகலில் ஒருவர் லோடு ஆட்டோவில் கேபிள் கொண்டுவந்தார். காண்ட்ராக்ட் வேலையில் மிச்சமானது என்றார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. டேவிட் வழக்கமான விலைக்கு வாங்கி, வழக்கம்போல் வாசலில் போட்டான்.

நாலாம் நாள் அதே ஆளை ஜீப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் வந்தது. ஒரு தொழிற்சாலையில் திருடிய கேபிளாம். கேபிளையும் எடுத்துக்கொண்டார்கள், தம்பியையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏட்டு ஒருவர் மட்டும் ஜீப்பில் ஏறுமுன் என் பக்கம் குனிந்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

"அழுதுகினு நிக்காதம்மா. கோர்ட்டுல இலவச சட்ட உதவின்னு போர்டு போட்டிருக்கும், நேரா அங்க போ."

வக்கீலம்மாவின் கேள்வி

அங்கே கிடைத்த வக்கீலம்மாவுக்குச் சின்ன வயசுதான். பைசா வாங்காமல் அலைந்து ஜாமீன் எடுத்துக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் போனை எடுக்காத நேரத்தில் அவர் எடுத்தார். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஆனால் வழக்கு பாக்கி இருந்தது. தண்டனை ஆனால் தம்பிக்கு மறுபடி ஜெயில். வக்கீலம்மா கடைக்கே வந்து பார்த்தார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால்தான் குற்றமாம். "ஒளிக்கவே இல்லையே, வாசலில்தானே கிடந்தது" என்றேன். நீங்களே சொன்னால் யார் நம்புவார்கள் என்று உதட்டைப் பிதுக்கினார். அப்போது சுவருக்கு மேல் தலை தெரிந்தது. வக்கீலம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு இவங்கள புடிக்குமா?"

பாசமா?

வக்கீலம்மா கூப்பிட்டதற்காகச் சரோஜாக்கா சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நடவு வேலையைப் போட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அரசு வக்கீல் அவரிடம், "பக்கத்து வீட்டுப் பாசத்துல சொல்றீங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு வந்ததே கோபம்! கூண்டுக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாசமா? தெனம் சண்டைங்கய்யா! அந்தக் கறுப்பு ஒயரு நாலு நாளா ரோட்டப் பாத்துக்கினு கெடந்துச்சு. எடுத்து உள்ள போடுடான்னு நானே தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு சாமான ஒளிச்சி வெக்கத் தெரியாத காயலான் கடக்காரன் அவன் ஒருத்தன்தாங்கய்யா!"

தீர்ப்புக்குப் பிறகு

தம்பி விடுதலை. தீர்ப்பில் அக்காவின் சாட்சியைத்தான் முக்கியமாகச் சொன்னார்கள். வேண்டாதவர் சொன்னதால் அதற்கு எடை கூடிவிட்டது என்று வக்கீலம்மா சிரித்தார். கோர்ட் வாசலில் சரோஜாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சரக்கு யார் கொண்டுவந்தாலும் டேவிட் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தராசில் ஏற்றுகிறான். வாசலில் போடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. நேற்றும் ஒரு கட்டுக் கேபிள் கிடந்தது. சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"கோர்ட்டு வரைக்கும் வந்து சொல்லிட்டேன், இன்னும் அத எடுத்து உள்ள போடலியா டேவிட்டு?"

ஆகவே காயலான் கடைக்காரர்களே, கடைக்கு இடம் பார்க்கும்போது ரோட்டோரமா, தண்ணீர் தேங்குமா என்றெல்லாம் பார்ப்பதோடு, பக்கத்து வீட்டில் நன்றாகச் சண்டை போடுகிற ஒரு நல்ல மனுஷி இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.