மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிய பாஸ்வேர்டு

பொதுக் கணினியில் புதிதாக எதையாவது ஏற்றச் சொல்லி மனு கொடுத்தால், மூன்று வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. சிதம்பரத்தில் நான் போகும் நூலகத்தின் சுவரிலேயே அது தொங்குகிறது. வெளிநாட்டில் என் மகளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நேரலையாக வரும், கணினியில் மட்டுமே தெரியும், அதற்கு வேண்டியதை ஏற்றுங்கள் என்று ஒரு மாதம் முன்பே மனு கொடுத்திருந்தேன்.

தேர்வு நாளன்று நூலகத்தின் லினக்ஸ் கணினியில் மகள் வரவில்லை. படம் ஓட வேண்டிய துணை மென்பொருளைக் கேட்டு ‘பிளகின் தேவை’ என்ற ஒரு வரிதான் வந்தது. கணினிப் பொறுப்பாளர் ஒல்லியானவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. திரையில் எந்தப் பிழை வந்தாலும் பதிவேட்டில் முத்து முத்தாக எழுதிக்கொள்வார். இதையும் எழுதினார்.

“எழுதினது போதும், பிளகினைப் போடுங்க.”

“பாஸ்வேர்டு கேக்கும் சார்.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே. மானிட்டர் பின்னாடிதான் ஒட்டி வச்சிருக்கேன். கடலூர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரலியே.”

“ரெண்டு நிமிஷ வேலைய்யா! அங்க எம்பொண்ணு பேசிக்கிட்டிருக்கா.”

அவர் பேனாவை மூடினார். “முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தீங்களே சார், ஆர்டர் இல்லாம நீங்க போட்டிருப்பீங்களா?”

போட்டிருக்க மாட்டேன். அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தேர்வு நேரம் முடியும்வரை இருவரும் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிளகின் ஏற்றிக்கொள்ளலாம் என்ற கடிதம் கடலூரிலிருந்து வந்தது, மகள் பட்டத்தோடு ஊர் வந்துசேர்ந்த அன்று, போகிக்கு முதல் நாள்.