எங்கள் வீட்டுக் காலி அறை

வளைகுடாவில், ஃபஹாஹீல் என்ற ஊரில் எங்கள் ஃப்ளாட். இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நானும் கணவரும் மகளும். இன்னொன்றை எப்போதும் ஒரு நர்ஸுக்கு விட்டுவிடுவோம். முழு வாடகையையும் தனியாகத் தாங்குகிற குடும்பம் எங்கள் கூட்டத்தில் அபூர்வம். அந்த அறையில் இருந்த திசையன்விளைப் பெண் அயர்லாந்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அன்றிலிருந்து அறை காலி. அந்த அறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் என் ஷிஃப்டிலேயே ஒரு கென்யாக்காரி இருக்கிறாள். என் வயதுதான். அவள் சிரித்தால் வெயிட்டிங் ஹாலில் இருக்கும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். மதியம் என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு. மீன் குழம்பை என்னைப் போலவே கையால் பிசைந்து, முள்ளைச் சப்பி வைப்பாள். இங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை; அன்று சர்ச் பூசையிலும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். சிநேகிதி யார் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அவளைத்தான் காட்டுவேன்.

நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். அவள் சொன்னதை இங்கே என் தமிழில் சொல்கிறேன். ஒருநாள் டீ குடிக்கும்போது என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து, “எங்க தாத்தாவும் இப்படித்தான் கழுத்துல தொங்கவிட்டிருந்தார்” என்றாள். வெள்ளைக்காரன் காலத்தில் அவள் ஊர் ஆண்கள் ஒரு தகரக் குப்பியில் அடையாளச் சீட்டைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அது இல்லாமல் வெளியே நடமாடினால் ஜெயில். ஊரையும் பங்கு பிரித்து வைத்திருந்தானாம். மேட்டுப் பக்கம் வெள்ளைக்காரர்கள், கடைத்தெரு இந்தியர்களுக்கு, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் அவள் ஆட்கள்.

“இப்போதான் யாருக்கும் அப்படி இல்லையே?” என்றேன்.

“இப்போ வேற மாதிரி. எங்க ஆஸ்பத்திரிகள்ல நர்ஸ் இல்ல. நர்ஸுக்குப் படிச்சவளுக்கு அங்க வேலையும் இல்ல. நாட்டுக்குக் கடன் கொடுத்தவன் ஆள் எடுக்காதேங்கிறான். சரின்னு இங்க வந்தா, சம்பளத்தைப் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்துப் போடுறாங்க. உனக்கும் எனக்கும் ஒரே வேலை. உன் சம்பளம் என்னதுன்னு நான் கேட்கல, நீயும் சொல்லாதே.”

நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் ஆளப்பட்டவர்கள் என்றுதான் படித்தேன். வேறொரு கண்டத்தில் நம் ஆட்களும் நடுப்படியில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அவள் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். போனில் அவள் பேச்சைக் கேட்டதுமே வீட்டுக்காரர்கள் எந்த நாடு என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்களாம். “உன் ரூம் காலியாத்தானே இருக்கு? எனக்குக் கொடேன்” என்று கேட்டாள். கெஞ்சவில்லை. சிநேகிதியிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் கணவர் ரிஃபைனரியில் டெக்னீஷியன். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். “வேண்டாம்ட்டீ. பில்டிங்கெல்லாம் நம்ம ஆளுவதான் இருக்காவ. அவளத் தேடி எவனெவனோ வந்து போவான். சமையல் வாடை வேற” என்றார். கருவாடு வறுத்தால் மூன்று மாடிக்கும் மூக்கைப் பிடிக்க வைக்கிற வீடு எங்களுடையது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் அப்படி ஒன்றும் ஊமையில்லை. மகளை எந்தப் பள்ளியில் போடுவது என்று ஒரு வாரம் அவரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். அன்றைக்கு நான் சண்டை போடாததற்குக் காரணம், அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்ததுதான். பழியைப் போட வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

மறுநாள் அவளிடம் சொன்னேன்: “ரூம் போயிடுச்சுப்பா. எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்திக்கு இவரு ஏற்கெனவே வாக்கு கொடுத்துட்டாராம். கலாஸ்.”

எவ்வளவு சரளமாக வந்தது! வராமல் எங்கே போகும்? சென்னையில் நர்ஸிங் முடித்த புதிதில் நானும் என் தோழியும் வீடு தேடி அலைந்திருக்கிறோம். வாசலில் டு-லெட் பலகை தொங்கும். வீட்டுக்காரர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார் என்பார். கடலுக்குப் போறார் என்போம். என் கழுத்துச் சிலுவையை ஒரு தரம் பார்ப்பார். “அடடா, வீடு போயிடுச்சேம்மா.” பலகை மட்டும் எங்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர்களைத் தெரு முனை வரை திட்டிக்கொண்டே போவேன். அதே வாக்கியத்தைத்தான், அதே அன்பான குரலில், இப்போது நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் டியூட்டி ரூமில் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும் என்பது மேட்ரன் போட்ட சட்டம். அதனால் கோட்டயத்திலிருந்து வந்த நர்ஸ் மறு வாரம் கேட்டதும் ஆங்கிலத்தில்தான். “உங்க ரூம் இன்னும் காலியாத்தானே இருக்கு? என் கசின் வர்றா. மலையாளி வந்தா பரவாயில்லையா?”

கென்யாக்காரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரேயில் சிரிஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அடுக்கி முடித்துவிட்டு வார்டுக்குப் போனாள்.

அன்றும் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தாள். நான் “எங்க வீட்டுக்காரர்தான்...” என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எங்க ஊர்ல ஒரு இந்தியக் கடைக்காரர் இருந்தார். நல்லவர். தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் இனிப்பு தருவார். அவர் வீட்டுப் பின்கட்டு காலியா இருந்தது. எங்கம்மா வாடகைக்குக் கேட்டா. யாருக்கோ கொடுத்தாச்சுன்னார். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அது காலியாத்தான் கிடந்தது. அம்மாவுக்கு அவர்மேல கோபமில்ல. வெள்ளைக்காரன் போட்ட கோடு, இவர் என்ன பண்ணுவார்னு சொல்லுவா. எனக்கு அது ஒத்துக்காது. வெள்ளைக்காரன் போய் எவ்வளவு காலமாச்சு? யாரோ தினமும் அது மேல திரும்பத் திரும்ப இழுத்தாத்தானே கோடு அழியாம இருக்கும்?”

தன் டீயைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“உன் வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னார். சரி. நீ என்ன சொன்னே?” என்று கேட்டாள்.

இப்போது அவள் ஊருக்கு அந்தக் கோடியில், ஜலீபில் ஆறு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி டியூட்டிக்கு வருகிறாள். கோட்டயத்துக் கசினுக்கு எங்கள் அறை பிடிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை பூசையில் என் சிநேகிதியின் பக்கம் சாய்ந்து, “ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வந்துடேன்” என்று கிசுகிசுத்தேன்.

“வீட்டுக்காரர் சரின்னுட்டாரா?”

“இன்னும் கேட்கல.”

“முதல்ல கேளு” என்று சொல்லிவிட்டுப் பீடத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது எப்போதும் போல என் கையைப் பிடித்தாள்.

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது அவரே பேச்செடுத்தார். “ரூமு சும்மாவே கெடக்கே. யாராம் கேட்டாவளாட்டீ?”

குழம்புக் கரண்டி என் கையில் இருந்தது. மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“இல்லைங்க, யாரும் கேட்கல” என்றேன்.